புல் தின்கிற பிள்ளை

தமிழில் முயல் எப்போதும் யாரோ ஒருவர் கையில் அகப்பட்ட முயலாகத்தான் வருகிறது. 'தான் புடிச்ச மொசலுக்கு மூணே காலு' என்கிற பழமொழியில் பிடித்தவனின் பிடிவாதம் இருக்கிறது, முயல் இல்லை. சங்கப் பாட்டில் அது வேட்டை நாய்க்கு முன்னால் ஓடுகிறது. திருக்குறளில் 772ஆம் குறளைப் பாருங்கள். முயலின் மேல் பட்ட அம்பைவிட யானைக்குத் தப்பிய வேல் உசத்தியாம். அங்கே முயல் என்பது அற்பத்துக்கு இன்னொரு பேர். கதைகளில் ஆமையிடம் தோற்கிறது, சிங்கத்தைக் கிணற்றில் தள்ளுகிறது, நிலாவில் கறையாக உட்கார்ந்திருக்கிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். இத்தனை முயலையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் முயல் என்ன தின்னும், எப்படி வெளிக்குப் போகும், எதனால் செத்துப்போகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அதை முப்பத்திமூன்று வயசில், விழுப்புரத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில், கைநாட்டு வைக்கிற என் ஆயாவிடமும் ஒரு அரசு கால்நடை மருத்துவரிடமும் படித்தேன்.

தலித் பத்திரிகையில் முயல் வளர்ப்பா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். வெட்டும் நெருப்பும் மட்டும்தான் நாம் எழுத வேண்டியது என்று எவன் விதித்தான்? நம் வீட்டுப் பின்கட்டிலும் வாழ்க்கை நடக்கிறது. அங்கேயும் சாதி வந்து எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் அது வந்தது. பக்கத்துத் திருவிழாவில் ஒருவர் கூடையில் வைத்து முயல் குட்டி விற்றிருக்கிறார். அக்கா மகளோடு படிக்கிற பெண் ஒன்று வாங்கிப்போயிருக்கிறது. வீட்டில் திட்டு விழுந்ததும் அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டது. நானும் அக்காவும் அக்கா மகளும் ஆயாவும் இருக்கிற வீடு. நாலு பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. உள்ளங்கையில் அடங்கிவிடும். மூக்கு மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, பெருச்சாளி மாரி இருக்குது?" என்றது ஆயா. அப்புறம் காதைப் பார்த்துவிட்டு, "அட, மொசலு."

சின்னவள் காதைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனாள். ஆயா பட்டென்று தட்டிவிட்டது. "காதப் புடிச்சித் தூக்காத. செத்ததத்தான் அப்படித் தூக்குவோம். உசுரோட இருக்கறத நெஞ்சுக்கடியில ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை குடுத்துத் தூக்கணும்." தூக்கியும் காட்டியது. மறுநாள் மருத்துவர் சொன்னதும் அதேதான். முயலுக்கு எலும்பு லேசு. பின்னங்கால் சதை பலம். பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் பயத்தில் உதைக்கும். உதைத்த வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

ஆயாவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் கூசாமல் வந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. கோடையில் ஏரி வற்றினதும் தாத்தாவும் அவர் சோட்டு ஆட்களும் ராத்திரியில் வலையும் நாயுமாய் மொசலுக்குப் போவார்கள். நாலு கிடைத்தால் நாற்பது வீட்டுக்குப் பங்கு போகும். கறியை அறுத்துக் கூறு போடுவது ஆயா. இன்றைக்கு அது முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிக்கவும் கூடாது, வீட்டில் வளர்க்கவும் கூடாது.

ஆயா பிடித்த காட்டு முயலும் எங்களுக்கு வந்த குட்டியும் வேறு வேறு சாதி என்று மருத்துவர் சொன்னபோது சின்னவள், "முயலுக்கும் சாதி இருக்குதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே 'இனம்' என்று திருத்திக்கொண்டார். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் பள்ளமாய் அமுக்கிப் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயல் ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குழிமுயல் வழி வந்தது. அதன் குட்டி மயிரில்லாமல், கண் மூடி, சதைத் துண்டுபோலப் பிறக்கும். கண் திறக்கவே பத்து பன்னிரண்டு நாளாகும். நம் பக்கம் இது கறிக்காகவும் மயிருக்காகவும் வளர்க்கப்பட்ட உருப்படி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று அங்கே முயல் வளர்க்கிறார்கள். எங்கள் குட்டியின் வம்சம் எதுவோ, கூடைக்காரருக்கே தெரிந்திருக்காது. கம்பு தானியத்தின் நிறத்தில் இருந்ததால் சின்னவள் 'கம்பு' என்று பேர் வைத்தாள்.

முதல் நாளே பால் பிரச்சினை வந்தது. பக்கத்து வீட்டம்மா நல்ல மாதிரி. குட்டியைப் பார்த்ததும் மனசு கேட்காமல் ஒரு டம்ளர் பசும்பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். எங்கள் கிண்ணத்தில் தொடாமல் உயரத் தூக்கி ஊற்றினார். "பஞ்சுல நனைச்சுக் குடுங்க, தாயில்லாப் பிள்ளை" என்றார். இரக்கமும் இருந்தது, உயரமும் இருந்தது. ஆயா கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டது. அவர் போனபிறகு சொன்னது: "வவுத்த அறுத்துப் பாத்தவளுக்குத் தெரியாதா அது இன்னா திங்கும்னு? ஒரே புல்லு. வவுறு முட்ட நார் நாரா புல்லு. இதுக்குப் பல்லு வந்துடுச்சு. புல்ல அறுத்தாந்து போடு."

முயலை அறுத்துச் சமைத்தவளுக்குத்தான் அந்த வீட்டில் முயலின் வயிறு தெரிந்திருந்தது. இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மாட்டை உரித்தவனுக்கு மாட்டின் நரம்பு தெரியும். ஆட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவளுக்கு ஆட்டின் கருப்பை தெரியும். ஆனால் ஊர் என்ன சொல்கிறது? இவனுங்க திங்கிறவனுங்க, இவனுங்களுக்கு உசுரு மேல என்ன ஈவு இரக்கம் என்கிறது. உயிரைத் தொடாமலே உயிர்க்கருணை பேசுகிறவர்களுக்கு அன்பு பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தொட்டவர்களுக்குக் கிடைத்தது கொலைகாரப் பட்டம்.

மறுநாள் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். தராசில் 350 கிராம் காட்டியது. பல்லைப் பார்த்து, "ஒரு மாசம் இருக்கும், இன்னும் ரெண்டு வாரமாச்சும் தாய்கிட்ட இருந்திருக்கணும்" என்றார் மருத்துவர். பிறந்து மூன்று வாரத்தில் குட்டி புல்லைக் கொறிக்க ஆரம்பிக்கும். பால் மறக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்கு முன்னால் பிரிப்பது வியாபார அவசரம், சின்னதாக இருந்தால்தானே அழகு என்று வாங்குவார்கள். பசும்பால் வேண்டாம் என்றார். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மூன்று மடங்கு வரும், பால் சர்க்கரை பாதிக்கும் குறைவு. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம்கூட இல்லை, குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பக்கத்திலேயே இருந்தால் மோப்பம் பிடித்து நரி வந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. விவரம் தெரியாதவர்கள் தாய் கைவிட்டுவிட்டது என்று குட்டியைத் தூக்கிவந்து பசும்பால் ஊற்றுவார்கள். வயிறு ஊதி, பேதியாகி, குட்டி செத்துப்போகும். அப்புறம் ஐயோ பாவம் என்பார்கள்.

பால் புனிதம், பால் எல்லாருக்கும் நல்லது என்பது நம் மேல் ஊற்றப்பட்ட ஒரு நம்பிக்கை. உயரத் தூக்கி ஊற்றினால் பாலும் தீட்டுப்படாது போலிருக்கிறது. முயலின் வயிற்றுக்கு அந்தப் புனிதம் தெரியவில்லை.

என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். மருத்துவர் ஒரு பழைய மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். வளர்கிற குட்டிக்குக் குதிரைமசால் நல்லது, அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளர்ந்த பிறகு அதைக் குறைத்து வெறும் புல்லுக்கு வந்துவிட வேண்டும். அறுகு, கொழுக்கட்டைப்புல், முயல் மசால் எல்லாம் ஆகும். முயல் மசால் என்று ஒரு தீவனச் செடியே இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடையில் விற்கும் குச்சித் தீவனம் துணைக்கு மட்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 100 மில்லி வரைக்கும் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். கீரை, இலைகளை மூன்று மாசம் ஆனபிறகு ஒவ்வொன்றாக, துளித்துளியாகப் பழக்க வேண்டும். ஒரே நாளில் நாலு வகை போடக்கூடாது. சோறு, பிஸ்கட், ரொட்டி கூடாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது.

"கேரட்டு?" என்றாள் சின்னவள். படத்தில் எல்லா முயலும் கேரட்தானே தின்கிறது.

"உனக்கு மிட்டாய் மாதிரி. எப்பவாச்சும் ஒரு துண்டு" என்றார்.

புல்தான் முயலுக்குச் சோறு, புல்தான் மருந்து. முயலின் பல் சாகிறவரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். தேயாவிட்டால் பல் வளைந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். அதன் குடலும் அப்படித்தான். நார் போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் ஓடும். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

புல்லுக்கு எங்கே போவது? டவுனில் புல் கிடையாது. இருக்கிற இடத்தில் சாக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்குப் போய் அறுத்து வந்தோம். ஆயாதான் ஆள்காட்டி. "இந்த வரப்புல வேணாம், நேத்து மருந்தடிச்சிருக்கான், நாறுது பாரு" என்னும். "இது பூ வச்சிடுச்சு, சத்து போயிடுச்சு. பூக்கறதுக்கு முன்ன அறுக்கணும்." அறுத்ததை மொட்டைமாடியில் ரெண்டு நாள் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். தண்டை ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், நிறம் பச்சை போகாமல் இருக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த புல் விஷம். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், பசிக்கு ஆகாது.

வரப்பில் உட்கார்ந்து புல் அறுக்கும்போது ஆயா ஒரு சம்பவம் சொன்னது. அதன் சின்ன வயசில் கூலி உயர்த்திக் கேட்டதற்காக ஊர்க்காரர்கள் காலனிக்குக் கட்டுமானம் போட்டார்கள். வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. அதோடு வரப்பில் கால் வைக்கக்கூடாது, புல் அறுக்கக்கூடாது. "சோத்துக்குக் கூட நாங்க தாங்கிக்கினோம். மாடு கத்தறதத்தான் தாங்க முடியல. கட்டுத்தறியிலயே நின்னுக்கினு பாக்குது. அதுக்கு இன்னா தெரியும், நம்ம கூலி சண்டை?" மூணாம் வாரம் காலனி பணிந்துபோனது. பசி மனிதர்களை மடக்கவில்லை, மாட்டின் பசி மடக்கிவிட்டது.

புல் அற்ப விஷயம் இல்லை தோழர்களே. புல் என்றால் வரப்பு, வரப்பு என்றால் நிலம். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் யார் கைக்கோ போனது. அதை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். சொந்தமாக ஒரு வரப்பு இல்லாதவர்கள் ஒரு முயல் குட்டிக்குப் புல் தேடவும் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரெண்டு மாசத்தில் கம்பு முக்கால் கிலோ ஆனது. காலையில் புல் தட்டைத் தூக்கினால் காலைச் சுற்றி ஓடும், சில நேரம் சும்மா ஒரு குதி குதித்து காற்றிலேயே உடம்பைத் திருப்பும். சந்தோஷத்தில் செய்வதாம். ஒரு மத்தியானம் சின்னவள் ஓடிவந்தாள். "சின்னம்மா, கம்பு அதோட பீயை அதே திங்குது!" முகமெல்லாம் கோணிப்போயிருந்தது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

முயல் ரெண்டு விதமாக வெளிக்குப் போகும். ஒன்று நாம் பார்க்கிற காய்ந்த உருண்டை. இன்னொன்று சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி, மெதுவாக, பளபளவென்று இருக்கும். அது மலம் என்று சொல்வதே சரியில்லை. சிறுகுடல் முடிகிற இடத்தில் முயலுக்கு ஒரு பெரிய பை இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துப் புரதமாகவும் பி வைட்டமினாகவும் மாற்றுகின்றன. ஆனால் சத்தை உறிஞ்ச வேண்டிய சிறுகுடலை அது தாண்டிவிட்டது. அதனால் முயல் குனிந்து, அது தரையில் விழுவதற்கு முன்பே வாயில் வாங்கி விழுங்கி, மறுபடி சிறுகுடல் வழியாக அனுப்புகிறது. அதைத் தின்னவிடாமல் தடுத்தால் முயல் நலிந்துபோகும். பால் மறக்கிற வயதில் குட்டி தன் தாயின் அந்தக் கொத்தையும் கொஞ்சம் தின்கிறது. அதன் வழியாகத் தாயின் வயிற்று நுண்ணுயிர் குட்டியின் வயிற்றில் குடியேறுகிறது.

இதைச் சின்னவளுக்கு நான் இப்படிச் சொன்னேன். மாடு என்ன செய்கிறது? விழுங்கிய புல்லைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மறுபடி மென்று விழுங்குகிறது. அசை போடுகிறது என்கிறோம், அழகாக இருக்கிறது என்கிறோம். முயலும் அதே வேலையைத்தான் செய்கிறது. புல்லின் சத்தை இரண்டாம் தடவை எடுக்கிறது. ஒன்றின் வழி மேலே, இன்னொன்றின் வழி கீழே. மேலே வந்தால் புனிதம், கீழே வந்தால் அசிங்கமா? மாட்டுச் சாணியும் மூத்திரமும் கலந்த பஞ்சகவ்வியத்தைத் தீட்டுக் கழிக்கக் குடிக்கிறார்கள். அந்தச் சாணியை அள்ளுகிற கை தீட்டு. அருவருப்பு மூக்கில் பிறப்பதில்லை, யாரோ சொல்லிக் கொடுத்து வருகிறது. நம் பாட்டன் தின்றதைப் பார்த்து, உடுத்தியதைப் பார்த்து, செய்யவைக்கப்பட்ட வேலையைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாம் இந்தப் பாடம் படித்தவர்கள்தான்.

சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப கம்பு அசை போடுது" என்றாள். அதோடு அவளுக்கு அந்த விஷயம் முடிந்துபோனது. பெரியவர்களுக்குத்தான் முடிவதில்லை.

வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். வீடு பிடிக்கும்போது ஊர் கேட்டார், தெரு கேட்கவில்லை. ஆயா வந்து தங்கின பிறகு அதன் பேச்சில் தெருவும் தெரிந்துவிட்டது. அதிலிருந்து தண்ணீர் மோட்டார் போடும் நேரம் குறைந்தது. வாடகைப் பணத்தைத் திண்ணையில் வைக்கச் சொன்னார். கம்பு வந்தபிறகு அவருக்குப் பேச ஒரு சாக்கு கிடைத்தது. "ஏம்மா, எப்ப அறுக்கப் போறீங்க? சொல்லிட்டு அறுங்க, நாங்க வெளியூர் போயிடறோம்" என்று சிரிப்பார். பள்ளிக்கூடத்திலும் ஒரு பையன் சின்னவளிடம், "உங்க வீட்ல வளக்கலாம் மாட்டாங்க, கொழம்பு வச்சிடுவாங்க" என்றிருக்கிறான். ராத்திரி படுத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நாம கம்பைத் திம்போமா சின்னம்மா?"

என்ன பதில் சொல்வது? நாங்கள் சைவம் என்று பொய் சொல்லி அந்தப் பையனிடம் அனுப்பலாம். அதைத்தான் எல்லா வீட்டுக்காரர்களும் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். நான் சொன்னேன்: "நாம கறி திங்கறவங்கதான். ஆயா மொசல் கறி தின்னிருக்குது. மாட்டுக்கறி நாமளும் திங்கறோம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. கம்பு நம்ம வீட்டுப் பிள்ளை. அதைத் திங்க மாட்டோம். ரெண்டும் நெசம்." அதே வாக்கியத்தை ஏப்ரல் மாசம் வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மாச முடிவுல காலி பண்ணிடுங்கம்மா, மேல பூஜை புனஸ்காரம் இருக்குது" என்றார். முயல் நாற்றம் என்று அக்கம்பக்கத்தில் காரணம் சொல்லிக்கொண்டார். பின்கட்டைத் தினம் கழுவிவிட்டது அக்கா. முயலின் காய்ந்த உருண்டையில் நாற்றம் கிடையாது, செடிக்கு நேராகப் போடலாம். நாற்றம் எதில் அடித்தது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏழு வீடு பார்த்தோம். மே முதல் வாரம் நகரத்தின் ஓரத்தில், நம் ஆட்கள் கட்டிய வீடு ஒன்று கிடைத்தது. அந்த 2024 கோடை எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். முப்பது டிகிரிக்கு மேல் போனாலே அதற்குக் கஷ்டம். கூண்டின் மேல் ஈரச் சாக்குப் போட்டு, ஐஸ் வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆட்டோவில் கொண்டுபோனோம். சாமான் இறக்குகிற சத்தம், புது வாசனை, புதுத் தரை. கம்பு மூலையில் போய் உட்கார்ந்தது. புல்லைத் தொடவில்லை. மத்தியானம் ஆயிற்று, ராத்திரி ஆயிற்று. ஒரு உருண்டைகூட விழவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் முயல் தின்னாமலும் வெளிக்குப் போகாமலும் இருந்தால் அது ஆபத்து என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். பயத்திலும் வலியிலும் குடல் நின்றுவிடும். உள்ளே வாயு கட்டும், வலி கூடும், வலியால் இன்னும் தின்னாது. ஒரு நாளில் முடிந்துபோகும். மருந்துக் கடைக்காரர் குழந்தைகளுக்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் மருந்தை எடுத்து நீட்டினார். ஆயா வாங்க விடவில்லை, "பேரு தெரியாத மருந்த பிள்ளைக்கு ஊத்தாத" என்றது. அந்த வகை மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் அதன் வயிற்று நுண்ணுயிர்களைக் கொன்று முயலையும் கொன்றுவிடும் என்று விடிந்தபிறகு மருத்துவர் விளக்கினார்.

விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினோம். திட்டவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தார், அடைப்பு இல்லை என்றார். தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி ஒரு திரவம் ஏற்றினார், வலிக்கு ஒரு ஊசி போட்டார். குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் விட்டு, ஒவ்வொரு மில்லியாக விழுங்கவிட்டு ஊட்டச் சொன்னார். பலவந்தமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அக்கா வேலைக்குப் போகவில்லை. சின்னவள் மடியில் கம்பு, நான் சிரிஞ்சோடு, ஆயா வயிற்றை மெதுவாக வட்டமாகத் தடவிக்கொண்டு. மூட்டைகள் பிரிக்கப்படாமல் சுற்றிலும் கிடந்தன. அடுப்புக்கூட இன்னும் மூட்டவில்லை.

மத்தியானம் ரெண்டு மணிக்குச் சின்னவள் மடியில் ஒன்று விழுந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெருசு, கோணல்மாணலாக. அடுத்து இன்னொன்று. "சின்னம்மா, பீ!" என்று அவள் கத்தின சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஆயா அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான், காய்ச்சல்கார வீட்டில் முதலில் கேட்பதே "வெளிக்குப் போச்சா?" என்பதுதானே. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர்கள் மலத்தை அள்ளவைக்கப்பட்ட மக்கள் நாம். 2013இல் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் நம் பிள்ளைகள்தான். வேறொருவன் திணித்தால் அது இழிவு. நம் மடியில் கிடக்கிற உயிருக்காக நாமே குனிந்து பார்த்தால் அதற்குப் பேர் வேறு. இந்த வித்தியாசத்தை எனக்கு எந்தத் தத்துவப் புத்தகமும் இவ்வளவு துலக்கமாகக் காட்டியதில்லை.

சாயங்காலம் கம்பு ஒரு அறுகம்புல்லை நுனியிலிருந்து இழுத்து இழுத்து உள்ளே வாங்கியது. ஆயா அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பு மூட்டியது. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.

இப்போது கம்பு ரெண்டரை கிலோ. பெட்டை. பெட்டை முயல் நாலைந்து மாசத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினையானால் முப்பத்தோரு நாளில் குட்டி போடும். ஜோடி சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். குட்டிகளை மறுபடி ஒரு கூடையில் வைத்துத் திருவிழாவுக்கு அனுப்ப எங்களுக்கு மனசில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டிலிருந்து பத்து வருஷம் இருக்கும். வாங்கி வளர்க்க நினைக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும். சின்னவளுக்கு இப்போது பதினொன்று. கம்புக்கு வயசாகும்போது அவள் காலேஜில் இருப்பாள். அதுவரைக்கும் தினம் காலையில் ரெண்டு கேள்வி கேட்க வேண்டும்: தின்னுச்சா, போட்டுச்சா. எங்கள் வீட்டில் அவள்தான் கேட்கிறாள், ஆயாவையும் சேர்த்துக் கேட்கிறாள்.

இந்த வீட்டுக்கும் வாடகைதான். ஆனால் மொட்டைமாடி எங்களுக்கு. மழைக்கு முன்னால் ரெண்டு மூட்டை புல் காயவைத்தாக வேண்டும். வர ஞாயிறு காலனிக்குப் போகிறோம். ஆயா அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டது.